மார்பில் கால்வாசி

தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை ஒரு பிரதியாக யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை. ‘மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து, கூட ஒன்றரை அங்குலம் சேர்.’ தையல் வகுப்பு நோட்டின் முதல் சில பக்கங்களிலேயே இது வந்துவிடும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் கீழ்நிலை, மேல்நிலை எழுதியவர்கள், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷின் வாங்கியவர்கள், தி.நகரிலும் மயிலாப்பூரிலும் குறுகலான மாடிப்படி ஏறிப்போய் டெய்லரிங் கற்றவர்கள் என்று பலரிடமும் இந்த வாய்ப்பாடு ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ஒன்றரைக்குப் பதில் ஒன்றே முக்கால், இரண்டு என்று சில்லறை மாறலாம். நாலால் வகுப்பது மட்டும் மாறாது.

இலக்கிய இதழில் பிளவுஸ் கணக்கு எதுக்கு என்று கேட்கலாம். ‘தையல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பெண் என்றும் பொருள் இருப்பதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். என்னுடைய காரணம் வேறு. பெண்ணின் மார்பைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசும் இரண்டு வகை எழுத்துகள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்று கவிதை, இரண்டாயிரம் வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று தையல் நோட்டு. ஒன்று உவமை சொல்கிறது, இன்னொன்று அளவு சொல்கிறது. இரண்டுமே ஒரே உடம்பைக் கற்பனை செய்கின்றன என்பதும், அந்த உடம்பு பலருடையது இல்லை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

1

முதலில் வாய்ப்பாடு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கணக்கு சின்னதுதான், பயப்பட வேண்டாம்.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் மார்புச் சுற்றளவு 40 அங்குலம். முதல் பெண்ணுக்கு அகன்ற முதுகு, அகன்ற தோள். அக்குளை ஒட்டி, மார்பின் மேட்டுக்கு மேலே டேப்பைச் சுற்றினால் 39 வருகிறது. இதைத்தான் மேல்மார்பு அளவு என்கிறோம். இரண்டாவது பெண்ணுக்குச் சின்ன எலும்பு, ஒடுங்கின முதுகு, கனமான மார்பு. அவளுடைய மேல்மார்பு 36. முதல் பெண்ணின் 40 அங்குலம் பின்னால் பத்தொன்பதரை, முன்னால் இருபதரை என்று பிரிந்திருக்கிறது. இரண்டாவது பெண்ணுக்குப் பின்னால் 18, முன்னால் 22.

வாய்ப்பாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 40-ஐ நாலால் வகுத்தால் 10. முன்பக்கத்தில் இரண்டு பத்து, பின்பக்கத்தில் இரண்டு பத்து. இரண்டு பேருக்கும் ஒரே பிளவுஸ்தான். இரண்டாவது பெண்ணுக்கு முதுகில் 2 அங்குலம் தொளதொளக்கும், முன்னால் 2 அங்குலம் பத்தாது. கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்கும், அங்கே ஊக்கு குத்த வேண்டியிருக்கும். மேட்டின் மேல் ஏறி இறங்குவதற்கு நீளமும் பத்தாததால், கீழே இருக்கும் பட்டி மேலே ஏறிக்கொள்ளும்.

இதோடு முடிவதில்லை. கைக்குழியின் ஆழம் மார்பில் ஆறில் ஒரு பங்கு, கழுத்தகலம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 36-க்குக் கைக்குழி 6, கழுத்து 3. 40-க்குக் கைக்குழி ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, கழுத்து மூணே கால் அங்குலத்துக்கு மேல். அதாவது, மார்பு பெரிதானால் கழுத்து எலும்பும் தோளும் கூடவே வளர்ந்துவிடும் என்பது வாய்ப்பாட்டின் நம்பிக்கை. விளைவு என்ன? முன்பக்கம் இறுக்கிப் பிடிக்கிற அதே பிளவுஸ் தோளில் நழுவுகிறது. கைக்குழி இறங்கித் தொங்குவதால் கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுசும் கூடவே எழும்புகிறது. கைக்குழி பெரிசா இருந்தா கை சுலபமா அசையும்னுதான் தோணும். உண்மை நேரெதிர். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டின சின்னக் கைக்குழிதான் கையை விடுவிக்கும். நாட்டியாரம்பத்தில் இரண்டு கைகளையும் தோளுயரத்தில் நிறுத்திப் பார்த்த எந்த பரதநாட்டிய மாணவிக்கும் இது புரியும்.

பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போது இன்னொரு கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நாம் அதை நாணம் என்று படிக்கப் பழகியிருக்கிறோம். பாதி நேரம் அது ஆறில் ஒரு பங்கு.

2

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மார்பு அளவு ஒன்றை மட்டும் அடிப்படையாக வைத்து, உடம்பின் மற்ற அளவுகளை அதன் பின்னங்களாகக் கணிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஆண்களின் கோட்டுத் தையலில் பரவியது. ஆணின் மார்புச் சுற்றளவு பெரும்பாலும் எலும்புக்கூடும் தசையும். அது கூடினால் தோளும் முதுகும் கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. அதே தர்க்கத்தைப் பெண்ணுடம்புக்குத் திருப்பும்போது, எலும்போடு சம்பந்தமே இல்லாமல் கூடியும் குறைந்தும் போகிற ஒரு அளவை எலும்பின் அளவாகப் படிக்கிறோம். பிள்ளை பெற்றால், பால் கொடுத்தால், தைராய்டு வந்தால், வயசானால் மாறுகிற அளவு அது. கழுத்தெலும்பு அதோடு மாறுமா என்ன.

ஆங்கிலேயர்களோடு வந்த ‘ஜாக்கெட்’ என்ற பெயரை நம் பாட்டிகள் கடைசிவரை விடவில்லை. கோட்டின் பெயர் ஜாக்கெட்டுக்கு ஒட்டியது தற்செயலாக இருக்கலாம். கோட்டின் கணக்கு ஒட்டியதற்குத்தான் நாம் இன்னும் ஊக்கு குத்திக்கொண்டிருக்கிறோம்.

மேற்கில் இந்தச் சிக்கலுக்கு அரைகுறையாக ஒரு பதில் கிடைத்தது. 1863-இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். 1930களில் உள்ளாடைக் கம்பெனிகள் ஏ, பி, சி, டி என்று கப் எழுத்துகளைக் கொண்டுவந்தன. சுற்றளவு வேறு, மேடு வேறு என்று அந்த எழுத்துகள் ஒப்புக்கொண்டன. ஆனாலும் பெரிய பேட்டர்ன் கம்பெனிகள் மேல்மார்புக்கும் முழுமார்புக்கும் 2 அங்குல வித்தியாசம் இருக்கும் ‘பி’ உடம்புக்குத்தான் வரைந்தன. மற்றவர்கள் வாங்கின காகிதத்தை வெட்டித் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

3

இப்போது கவிதை.

கோங்கின் அரும்பு, குரும்பை, தாமரை மொட்டு, பொற்கலசம், யானையின் கொம்பு, சக்கரவாகப் புள். முலைக்கு நம் மரபு சொன்ன உவமைகளின் பட்டியல் இது. பாதாதிகேச வர்ணனைகளில் திரும்பத் திரும்ப வரும். அழகான பட்டியல்தான், சந்தேகமில்லை. ஒரு தையல்காரியின் கண்ணோடு இதைப் படித்தால் ஒன்று தெரியும். இதில் இருக்கிற எல்லாமே தானாக நிற்கும் பொருள்கள். எதுவும் சரிவதில்லை, படுத்தால் பக்கவாட்டில் வழிவதில்லை, மாதத்துக்கு ஒரு தடவை வீங்கி வலிப்பதில்லை. தாங்குவதற்கு எதுவும் தேவைப்படாத மார்பு. அந்த மார்புக்குக் கச்சு வெறும் அலங்காரம்.

மரபுக்குக் கனம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மார்பின் பாரம் தாங்காமல் இடை வருந்துகிறது, ஒடிந்துவிடும்போல் இருக்கிறது என்பது மிகப் பழைய கற்பனை. எனக்கு அது எப்போதும் ஒரு பொறியியல் பிழையாகவே படும். பாரம் இடையில் போய் விழுவதில்லை. தோளில் விழுகிறது. கழுத்தின் பின்புறத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவில் விழுகிறது. பிரா பட்டை தோளில் பதித்த பள்ளத்தைக் கவிஞர் யாரும் பார்க்கவில்லை. இடை நோகிறது என்று எழுதினவர் அந்த உடம்பை எதிரில் நின்று பார்த்தவர். அதற்குள் இருந்திருந்தால் எங்கே நோகிறது என்று சரியாகச் சொல்லியிருப்பார்.

உள்ளிருந்து சொன்னவர்களும் இருக்கிறார்கள், அங்கே உவமை சட்டென்று உதிர்ந்துவிடுகிறது. புறநானூறு 278-இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழத்தாய்க்கு முலை என்பது மகன் பால் குடித்த இடம். அவன் போரில் புறமுதுகு காட்டியிருந்தால் அதை அறுத்தெறிவேன் என்கிறாள். அங்கே கோங்கும் இல்லை, குரும்பையும் இல்லை. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தைத் தொடங்குவதே வற்றிச் சுருங்கின மார்போடு இருக்கும் பேயிலிருந்துதான். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போது அறுபத்துமூவர் மாட வீதியைச் சுற்றி வரும்போது அவரும் வருகிறார். நம் பக்திக்கு அந்த உடம்பு பழக்கம்தான். நம் அழகியலுக்குத்தான் பழக்கமில்லை.

2002-இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று தலைப்பு வைத்தபோது எழுந்த கூச்சலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். காப்பியங்களில் ஆயிரம் தடவை வந்த சொல் ஒரு பெண்ணின் புத்தக அட்டையில் வந்ததும் ஆபாசமாகிவிட்டது. சொல் மாறவில்லை, டேப்பைப் பிடித்திருந்த கை மாறியது. பார்ப்பவர் சொன்னால் வர்ணனை, உடையவள் சொன்னால் வெட்கக்கேடு. இந்த விதி கவிதையில் மட்டும் இல்லை, டெய்லர் கடையிலும் உண்டு.

4

மேலாடையின் வரலாறு நம்மூரில் மானம் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பார்த்தால், திருமாலின் இரு தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்புக்கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. அது சிற்ப இலக்கணம். கச்சு அங்கே யார் யார் என்று அடையாளம் சொல்கிறது, மறைக்கவில்லை. கச்சுக்கு இன்னொரு பழைய பெயர் ‘வம்பு’. நிகண்டுகளில் முலைக்கச்சு என்று பொருள் இருக்கும் அந்தச் சொல், இன்றைக்கு நாம் பேசும் வம்பாக மிஞ்சியிருக்கிறது. பொருத்தம்தான்.

மேலாடை உண்மையிலேயே வம்பான இடம் அன்றைய தென் திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே நாடார் பெண்கள் குப்பாயம் அணிவதும் தோள்சீலை போடுவதும் தெருச்சண்டையானது. துணி கிழிக்கப்பட்டது, வீடு கொளுத்தப்பட்டது. 1820களில் தொடங்கிய போராட்டத்துக்கு 1859 ஜூலையில்தான் அரச அறிவிப்பு வந்தது. அதுவும், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்கள் அடிபட்டு வாங்கியது ஒரு துணி மட்டும் இல்லை. தன் உடம்பை எப்படிப் போர்த்துவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை. ‘பிளவுஸ் ஃபிட்டிங் சரியில்லன்னு ஒரு கட்டுரையா’ என்று சிரிப்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அணியும் உரிமை வந்தாகிவிட்டது, அது நம் உடம்புக்குப் பொருந்தும் உரிமை இன்னும் வரவில்லை. முன்னது பெரிய போராட்டம், பின்னது சின்னது. இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றன.

5

சென்னையில் டெய்லரிடம் போகும் பெண் முதலில் கேட்கும் கேள்வி, ‘அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களா?’

அளவு ஜாக்கெட் என்பது மூலப்பிரதி. புதிதாகத் தைக்கும் ஒவ்வொரு பிளவுஸும் அதைப் பார்த்து எழுதின படி. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதும்போது பிழை ஏறுவதைப் போல இதிலும் ஏறும். 2016-இல் தைத்த பிளவுஸில் கைக்குழி அரை அங்குலம் இறங்கியிருந்தால், 2024-இல் அதைப் பார்த்துத் தைத்ததிலும் இறங்கியிருக்கும். அதற்குள் உடம்பு மாறியிருந்தால் ‘கொஞ்சம் லூசா வெச்சுருங்க’ என்று வாயால் ஒரு பாடபேதம் சேர்ப்போம். லூசு எங்கே, முன்னாலா பின்னாலா என்று யாரும் கேட்பதில்லை, பக்கத் தையலில் இரண்டு பக்கமும் சமமாக விட்டுவிடுவார்கள். பெசன்ட் நகரில் பெயர் தாங்கிய நூலகம் இருக்கிறதே, அந்த உ.வே.சா. என்ன செய்திருப்பார்? இருக்கிற எல்லாச் சுவடிகளையும் அருகருகே வைத்து, எது யாருடைய பிழை என்று தேடியிருப்பார். நாம் ஒரே ஒரு சுவடியை வைத்துக்கொண்டு காலத்துக்கும் நகல் எடுக்கிறோம்.

இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண் டெய்லர், பெண் உடம்பு. இரண்டு பேருக்கும் சங்கடம். டேப்பை எட்ட நின்று, விரல் படாமல் சுற்ற வேண்டும். தோளிலிருந்து மார்பின் முனைவரை எவ்வளவு, இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு என்ற இரண்டு அளவுகளும் இல்லாமல் டாட் எங்கே முடியணும் என்று சொல்லவே முடியாது. மேல்மார்பு அளவு இல்லாமல் எந்த டிராஃப்டில் தொடங்குவது என்றும் தெரியாது. இந்த மூன்றையும்தான் யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை. அளவு ஜாக்கெட் அந்தச் சங்கடத்திலிருந்து இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது. விலையைக் கொடுப்பவள் ஒருத்திதான்.

தைத்து வந்தது பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் கிடைக்கும் பதிலைப் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான்: ‘கட்டிங் கரெக்ட்தாம்மா, உங்களுக்கு முன்பக்கம் கொஞ்சம் ஹெவி.’ விமர்சகராக எனக்கு இந்த வாக்கியத்தின் இலக்கணம் சுவாரஸ்யம். கட்டிங் எழுவாய், அது ‘கரெக்ட்’. உடம்பு வேற்றுமை உருபேற்று ஓரமாக நிற்கிறது, அது ‘ஹெவி’. பிழை எங்கே இருக்கிறது என்று வாக்கியம் முடிவுசெய்துவிட்டது. காகிதத்தில் போட்ட கணக்கு நிரந்தரம், அதற்கு ஒத்துவராத மாம்சம் பிழை. பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி அம்மாவோடு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கப் போய் இதைக் கேட்டால், அவள் கணக்கைச் சந்தேகப்படுவாளா, தன்னையா?

மந்தைவெளியில் வீட்டிலேயே தைக்கும் ஓர் அக்காவிடம் கேட்ட வாக்கியம் வேறு மாதிரி. ‘டேப்ப நான் புடிக்கட்டுமா, நீயே புடிச்சுக்கறியா கண்ணு? மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ரெண்டு அளவு வேணும் எனக்கு.’ அவர் படித்ததும் அதே நாலால் வகுக்கிற நோட்டுதான். ‘நோட்ல போட்ட மாதிரி வெட்டுனா உனக்குத் தோள் நிக்காது’ என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். பிழையைக் காகிதத்தில் வைத்துப் பேசிய முதல் ஆள்.

6

இப்படிப் பொருந்தாத ஒரு வாய்ப்பாடு இவ்வளவு நாள் எப்படித் தாக்குப்பிடித்தது? முந்தானையால்.

பாண்டி பஜாரிலோ லஸ்ஸிலோ ஏதாவது ஒரு டெய்லர் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டிசைன் படங்களைப் பாருங்கள். பானைக் கழுத்து, நாடா, குஞ்சலம், ஆரி வேலை, ஜன்னல் வைத்தது. பெரும்பாலும் முதுகுகள்தான். ஒரு பிளவுஸின் கலை முழுவதும் பின்பக்கத்தில் நடக்கிறது. முன்பக்கத்தை முந்தானை மூடிவிடும் என்பதால் அங்கே கட்டிங் எப்படி இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. அணிகிறவளுக்குத் தெரியும், ஆனால் அவளை யார் கேட்டார்கள். சேலை என்ற உடை முன்பக்கத்தின் தோல்வியை மன்னித்துக்கொண்டே வந்ததால், அந்தத் தோல்வியைத் திருத்த வேண்டிய நெருக்கடி தொழிலுக்கு வரவில்லை. குர்தாவுக்கும் சட்டைக்கும் மாறின தலைமுறைக்கு அந்த மன்னிப்பு இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு இப்போது சூடு பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

துணிக்கும் ஒரு கற்பனை உடம்பு உண்டு. சேலையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முன்பக்கத்தைக் கிராஸாக வெட்டினால் துணி கொஞ்சம் இழுபட்டு மேட்டோடு ஒத்துப்போகும், கனமான மார்புக்கு அது நல்லது. ஆனால் கிராஸ் கட்டிங் துணி அதிகம் கேட்கும். யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்குத்தான் ‘துணி பத்தாதும்மா, நேரா வெட்டிடறேன்’ என்ற பதில்.

7

சரி, திருத்தம்.

பேட்டர்னை உடம்புக்கு மாற்றும் முறை எளிமையானது. இரண்டாவது பெண்ணுக்கே செய்வோம். தொடங்கும் டிராஃப்ட் அவளுடைய மேல்மார்பு 36-க்கானது. தோள், கழுத்து, கைக்குழி எல்லாம் அவளுடைய எலும்புக்குச் சரி. அந்த டிராஃப்ட் முழுமார்பு 38 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம், பின்னால் 18, முன்னால் 20. அவளுக்குத் தேவை முன்னால் 22. முன்பக்கக் காகிதம் பாதிதான் வரைந்திருக்கும் என்பதால் அதில் 1 அங்குலம் கூட்டினால் போதும்.

காகிதத்தில் மார்பின் முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்திலிருந்து நேராக முனைவரை ஒரு கோடு, அங்கிருந்து திரும்பிக் கைக்குழியின் கீழ்ப்பகுதிவரை. பக்கத் தையலிலிருந்து முனைவரை இன்னொரு கோடு. முதல் கோட்டை வெட்டுங்கள், ஆனால் கைக்குழியின் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டாமல் விடுங்கள். அது கீல். இரண்டாவது கோட்டை முனைவரை வெட்டுங்கள், முனையில் ஒரு நூலளவு விடுங்கள். இப்போது வெளிப்பக்கத் துண்டை மெதுவாக நகர்த்தினால், முனையிலிருந்து கீழ் ஓரம்வரை 1 அங்குல இடைவெளி சீராகத் திறக்கும். கூடவே பக்கத்தில் ஒரு முக்கோண இடைவெளியும் தானாகத் திறக்கும். அதுதான் டாட். வெளிப்பக்கம் கீழே இறங்கியிருக்கும், நடுத்துண்டைக் குறுக்காக வெட்டி அதே அளவு இறக்கினால் ஓரம் சமமாகும். இடைவெளிகளுக்கு அடியில் வேறு காகிதம் ஒட்டுங்கள். இடுப்பில் கூடின அங்குலத்தைக் கீழ் டாட்டில் பிடித்துக்கொள்ளலாம். டாட்டின் நுனியை முனைக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்துங்கள், முனைவரை கொண்டுபோனால் கூம்பு மாதிரி குத்தி நிற்கும்.

என்ன நடந்தது என்று பாருங்கள். அகலம் கூடியது, நீளம் கூடியது, ஆழம் கூடியது. மூன்றும் எங்கே தேவையோ அங்கே மட்டும். கழுத்து ஒரு நூல் மாறவில்லை, தோள் மாறவில்லை, கைக்குழியின் சுற்றும் மாறவில்லை. ‘பெரிய சைஸ்’ என்ற ஒற்றைச் சொல் குழப்பி வைத்திருந்த இரண்டு விஷயங்களை இந்தக் கீல் பிரித்துவிடுகிறது. நல்ல விமர்சனம் செய்யும் வேலையும் இதுதான் என்று எனக்குத் தோன்றும். முழுப் பிரதியையும் நிராகரிக்காமல், பெரிசாக்காமல், அது எங்கே பொய் சொல்கிறதோ அங்கே வெட்டித் திறந்து பார்ப்பது.

நம் டெய்லர்களுக்கு இது அந்நியமும் இல்லை. கட்டோரி பிளவுஸ் என்று ஒன்று தைக்கிறார்களே, கட்டோரி என்றால் இந்தியில் கிண்ணம். மார்புப் பகுதியைத் தனித் துண்டாக வெட்டிச் சேர்க்கும் முறை. மேடு வேறு, சுற்றளவு வேறு என்ற அறிவு அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரின்சஸ் கட்டில் தையல் முனையைத் தொட்டுக்கொண்டு போவதால், பிற்பாடு பிரித்துவிடவோ பிடிக்கவோ அதிலேயே இடம் உண்டு. நாலு டாட் பிளவுஸில் டாட்டின் ஆழத்தை மாற்றிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். கை அறிந்ததை நோட்டு இன்னும் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த அறிவு கடைக்காரரின் சாமர்த்தியமாகவே நின்றுவிடுகிறது, பாடமாக மாறவில்லை. அதனால் அது கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் அதிர்ஷ்டம்.

8

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. தோழி ஒருத்தி கேட்டாள்: ‘மார்பு எடுப்பா, அச்சா தெரியணும்னு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? அது அந்தக் கலசப் பார்வைக்கே திரும்பத் தைச்சுக் குடுக்கறதுதானே?’ நியாயமான கேள்வி. பொருத்தம் என்பதே பார்ப்பவருக்கான ஏற்பாடு என்றால் என் கட்டுரை மொத்தமும் விழுந்துவிடும்.

ஆனால் பொருந்தின பிளவுஸை முதலில் உணர்வது கண் இல்லை, தோள். மூச்சு இழுக்கும்போது கொக்கி தெறிக்காதது, அலமாரியின் மேல்தட்டை எட்டும்போது பட்டி ஏறாதது, எட்டு மணி நேரம் கழித்துக் கழுத்து வலிக்காதது. இவை எதையும் எதிரில் இருப்பவர் பார்க்க முடியாது. மாறாக, மேற்சொன்ன கலசப் பார்வையின் இன்னொரு முகம்தான் நம் பத்திரிகைகள் கனமான மார்புள்ளவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரைகள். அடர் நிறம் உடுத்துங்கள், குறுக்குக்கோடு வேண்டாம், துப்பட்டாவை விரித்துப் போடுங்கள். அந்த அறிவுரைகளும் பார்ப்பவரின் கண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. எடுப்பாகக் காட்டு என்பதும் மறைத்துக்கொள் என்பதும் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுகின்றன. அணிகிறவளைப் பார்த்துப் பேசுவது டேப் மட்டும்தான், அதுவும் சரியான இரண்டு இடங்களில் வைத்தால்.

கடைகளில் இப்போது கிடைக்கும் இழுபடும் துணி ரெடிமேட் பிளவுஸ்களும் தீர்வு என்று சொல்ல மாட்டேன். துணி இழுத்துக்கொடுப்பதால் கணக்கின் பிழை கண்ணில் படுவதில்லை, பிழை அங்கேயேதான் இருக்கிறது. கல்யாணப் பட்டு இழுத்துக்கொடுக்காது. அன்றைக்குப் பிழை திரும்ப வரும்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தையல் வகுப்பு நோட்டில் ஒரே ஒரு வரி கூட வேண்டும்: மேல்மார்பு, முழுமார்பு, இரண்டையும் எடு, எலும்புக்கு முன்னதை வை, மேட்டுக்குப் பின்னதை வை. தேர்வுக்கு வரும் கேள்வியாக அது மாறினால் ஐந்தே வருடத்தில் மாட வீதியின் டெய்லர்கள் வரை வந்துவிடும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை அளவு ஜாக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுங்கள், அதில் நீங்களே எடுத்த இரண்டு எண்கள் இருக்கட்டும். டெய்லர் முதலில் விழிப்பார். ‘எதுக்கும்மா ரெண்டு?’ என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால், ‘உங்களுக்கு ஹெவி’ என்ற வாக்கியத்துக்கு அங்கே இடம் இருக்காது. பேச்சு உடம்பைவிட்டுக் காகிதத்துக்குப் போய்விடும். அது அங்கேதான் நடந்திருக்க வேண்டும்.